உன்ட வீட்டில ஒரு அறை கேட்டு

மகள், ஸலாம். கோபத்தில இருந்தாலும் ஸலாத்துக்குப் பதில் சொல்லு, அது கடமை. முந்தாநாள் பின்னேரம் நீ டோஹாவில இருந்து எடுத்துச் சண்டை போட்டு ஃபோனை வெச்சதில இருந்து எனக்கு ஒரு இடத்தில இருக்க ஏலாமக் கிடக்கு. உலை வைக்கக் குசினிக்குப் போறன், போன வேலை மறந்து திரும்பி வாறன். கேற்றைத் திறந்து ரோட்டைப் பாக்கிறன், ஆரும் வரப்போறதில்ல எண்டு தெரிஞ்சும் பாக்கிறன். உனக்கு வொய்ஸ் அனுப்பலாம் எண்டு கதைச்சுக் கதைச்சு அழிச்சிட்டன். என்ட குரல் எனக்கே சண்டைக்காரிட குரல் மாதிரிக் கேக்குது. அதனாலதான் எழுதுறன். அரசாங்கக் கந்தோரில வேலைக்கு இருந்த காலமெல்லாம் "தயவுடன் அறியத்தருகின்றேன்" எண்டு எழுதித் தேய்ஞ்ச கை இது. உனக்கு அப்படி எழுத எனக்கு வராது. வாயில வாற மாதிரியே எழுதுறன். மருமகனும் வாசிக்கட்டும், உன்ட மாமியும் வாசிக்கட்டும், ஊரில வேற ஆரும் வாசிச்சாலும் எனக்கு ஒண்டுமில்ல. இதில மறைக்கிற கதை இல்ல.

"உம்மா, அது என்ட ஊடு. என்னைக் கேக்காம நீங்க எப்பிடி வாக்குக் குடுப்பீங்க?" எண்டு கேட்டாய். கேட்டது சரி. நான் கேட்டிருக்கணும். ஆனா அந்த "என்ட ஊடு" எண்ட சொல் மட்டும் தொண்டையில மீன்முள்ளு சிக்கின மாதிரி நிக்குது. சோத்தை உருட்டி முழுங்கிப் பாத்தன், போகல்ல. நீ ஆத்திரத்தில பாதிதான் கேட்டாய், அதனால நடந்ததை நடந்த மாதிரியே சொல்றன். முழுசா வாசிச்சிட்டு மறுகா கோபப்படு.

பென்சன் எடுத்த பிறகு அநாதைப் பெண்பிள்ளைகள் இல்லத்து நிருவாகத்தில என்னையும் சேர்த்தது உனக்குத் தெரியும். கந்தோர் வேலை தெரிஞ்சவள் எண்டு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எடுத்துக் குடுக்கிறதெல்லாம் என்ட தலையில. அந்த ஹோமில பதினெட்டு வயசு முடிஞ்சா வெச்சிருக்க ஏலா, அது சட்டம். முடிஞ்ச புள்ளைக்கு ஒரு குர்ஆன், ஒரு பாய், ஒரு தையல் மெசின் குடுத்து துஆ ஓதி அனுப்புவம். எங்க அனுப்புறது? அதுதான் ஒவ்வொரு முறையும் எங்களுக்கு வாற தலையிடி. சாச்சி, மாமி, தூரத்துச் சொந்தம் எண்டு ஆரையாவது தேடிப் புடிப்பம். அனுப்பிட்டு வந்து நல்லாச் சோறு தின்னுவம். அந்தப் புள்ளை அங்க என்ன பாடுபடுது எண்டு போய்ப் பாக்கிறதுக்கு எங்கட நிருவாகத்தில ஒரு ஆளும் இல்ல, என்னையும் சேர்த்துத்தான் சொல்றன்.

இந்த முறை சுமையா. சின்ன வயசில உம்மா மவுத்தாகி, வாப்பா வேற கலியாணம் முடிச்சு எங்கயோ போய், நழுவுற பாவாடையைப் புடிச்சிக்கிட்டு ஹோமுக்கு வந்த புள்ளை. உயர்தரப் பரீட்சை முடியட்டும் எண்டு கொஞ்சநாள் இழுத்துப் பாத்தம். இப்ப அவள்ட கட்டிலுக்கு ஒரு சின்னப் புள்ளை காத்துக்கிட்டு இருக்கு. கல்முனையில ஒரு மருந்துக்கடையில சுமையாவுக்கு வேலையும் கிடைச்சிட்டு. மருந்துப் பேரெல்லாம் கடகடவெண்டு சொல்றாள், எனக்கு என்ட பிரஷர் குளிசைட பேரே வாயில வராது. வேலை இருக்கு, தலை சாய்க்க இடம் இல்ல. இதுதான் மகள் முழுக் கதையும்.

நிருவாகக் கூட்டத்தில தலைவர் ஹாஜியார் முகம் மலர்ந்து சொன்னார்: "அல்லாஹ் வழியைக் காட்டிட்டான். அக்கரைப்பற்றில ஒரு மனிசன், நெல் யாவாரம். பொஞ்சாதி மவுத்து, மூணு புள்ளைகள். ஊடு வளவு ஒண்டும் கேக்கல்ல." எல்லாரும் மாஷா அல்லாஹ் எண்டாங்க. நானும்தான் சொன்னன். ஹாஜியார் கெட்ட மனிசன் இல்ல, அவரைப் பிழை சொல்லாத. எங்கட ஊரில பொம்பிளைப் புள்ளைக்கு வீடு இல்லாட்டி மாப்பிள்ளை வாசலுக்கும் வரமாட்டான் எண்டு உனக்குத் தெரியாததா? பொம்பிளை குமராகிறதுக்கு முன்னயே வாப்பாமார் அத்திவாரம் போட்டிருவாங்க. வீடு கேக்காத மாப்பிள்ளை எண்டா எங்களுக்கெல்லாம் அவன் வலியுல்லாஹ், அல்லாஹ்ட நேசர் மாதிரித்தான்.

செய்தியைச் சொல்ற வேலையும் என்ட தலையிலதான் விழுந்தது. நான் போன நேரம் சுமையா சின்னப் புள்ளைகள்ட உடுப்பை மடிச்சிக்கிட்டு இருந்தாள். நல்ல மனிசன், ஊடு கேக்கல்ல எண்டு சந்தோசமாச் சொன்னன். மடிச்ச சட்டையை மடியில வெச்சிட்டுக் கேட்டாள்: "ஊடு வேணாமெண்டா அவருக்கு என்ன வேணும், மாமி?"

மூணு புள்ளைக்கு ஆக்கிப் போட ஒரு ஆள் வேணும், அதை நான் எந்த வாயால சொல்ற? அவள் அழல்ல. அழுதிருந்தாலும் பரவாயில்ல, தடவிக் குடுத்திட்டு வந்திருப்பன். "நீங்கெல்லாம் சொன்னா நான் ஓம் எண்டுவன் மாமி. ஆனா எனக்கு ஒரு ஆசை. நான் இதுவரைக்கும் ஒரு கதவைத் திறப்பால பூட்டிட்டு, அந்தத் திறப்பைக் கையில எடுத்துக்கிட்டு வெளியே போனதில்ல. கலியாணத்துக்கு முதல் கொஞ்ச நாளைக்காவது அப்பிடி வேலைக்குப் போய் வரணும்." இவ்வளவுதான் சொன்னாள். மறுகா சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கிட்டாள்.

அண்டையில இருந்து நான் அறை தேடினன் மகள். முழங்கால் நோவோட சாய்ந்தமருது, மருதமுனை, எங்கட கல்முனைக்குடிக்குள்ள எத்தனை ஒழுங்கை எண்டு கணக்கில்ல. மேல்மாடி சும்மா கிடக்கிற வீடுகள், புள்ளைகள் வெளிநாட்டில. "வாங்க ராத்தா, இருங்க ராத்தா, தேத்தண்ணி குடிங்க" எண்டு தலையில வெச்சுக் கொண்டாடுறாங்க. "எந்த ஊட்டுப் புள்ளை? வாப்பா ஆரு?" எண்டு கேப்பாங்க. ஹோம் புள்ளை எண்டு சொன்ன உடனே அந்த மேல்மாடிக்கு மச்சான் வாறார், மருமகன் வாறார், ஓடு ஒழுகுது, தண்ணி மோட்டர் பழுது. என்னோட கந்தோரில இருந்த பாண்டிருப்புக் கமலாக்காவை ஞாபகம் இருக்குதானே, அவ ஒருத்திதான் உடனே ஓம் எண்டவ. "சாமி அறை ஒரு பக்கம், அவள் தொழ ஒரு பக்கம், என்ட வீட்டில இடமா இல்ல?" எண்டா. பிறகு அவவே யோசிச்சு, "ரெண்டு பக்கத்து ஆக்களும் கடைசியில அந்தப் புள்ளையைத்தான் கதைப்பாங்க, அது பாவம்" எண்டு கண் கலங்கினா. அவ சொன்னதில பிழை இல்ல.

சாய்ந்தமருதில ஒரு மனிசி, கடைக்குப் பின்னால ரெண்டு அறை வெச்சிருக்கிறவள், தனிப் புள்ளைக்குத் தர ஏலா எண்டு கதவைப் பாதி சாத்திக்கிட்டே கேட்டாள்: "ஏன் ராத்தா, உங்கட ஊடு பெரிய ஊடாச்சே, பூட்டித்தானே கிடக்கு?" எனக்குச் சுரீர் எண்டு ஏறிச்சு. வீட்டுக்கு வாற வழியெல்லாம் அவளை ஏசிக்கிட்டே வந்தன். கேற்றைத் திறந்து உள்ளுக்கு வந்து பாத்தா, அவள் சொன்னது உண்மை. ஜன்னலெல்லாம் சாத்தி, கதிரைக்கெல்லாம் சீலை போட்டு மூடி, பெரிய வீடு பூட்டித்தான் கிடக்கு.

அடுத்த கூட்டத்தில, கலியாணத்துக்கு நாள் பாக்கிற கதை வந்த நேரம் எழும்பினன். "புள்ளையை அவசரப்படுத்த வேணாம். அவள் என்ட ஊட்ட வந்து இருக்கட்டும்." ஹாஜியார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு மெல்லமாக் கேட்டார்: "அது மகள்ட ஊடுதானே ராத்தா? மகள் சம்மதமா?" எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. என்ட றப்பே, அந்த நேரம்தான் எனக்கே ஞாபகம் வந்தது. உனக்குச் சீதனமா எழுதிக் குடுத்த வீட்டை என்ட வீடு எண்டு சபையில சொல்லிட்டன். பின்வாங்கினா அந்தப் புள்ளைட நாளைக் குறிச்சிருவாங்க. "மகள் ஓம் எண்டுவாள்" எண்டு சொல்லிட்டு இருந்திட்டன். நான் செஞ்ச பிழை இதுதான். உன்ட வாயால சொல்ல வேண்டியதை என்ட வாயால சொன்னன். மாப்புக் கேக்கிறன், மனசாரக் கேக்கிறன்.

வீட்டை உன்ட பேருக்கு உறுதி எழுதின நாள் உனக்கு ஞாபகம் இருக்கா? கலியாணத்துக்கு முதல் கிழமை, நொத்தாரிசு வீட்டுக்கே வந்தார். நீ குசினியில தேத்தண்ணி ஊத்திக்கிட்டு நிண்டாய். "நீங்க ரெண்டு பேரும் மவுத்தாகும் வரைக்கும் இதில இருக்கிற உரிமையை ஒரு வரி எழுதி வைக்கட்டுமா?" எண்டு அவர் கேட்டார். உன்ட வாப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். "என்ட மகள்ட ஊட்ட இருக்க எனக்கு உரிமை எழுதணுமா? அவள் என்ன, எங்களை ரோட்டிலயா விடப்போறாள்?" எண்டார். நானும் சிரிச்சன். சவூதியில லொறி ஓட்டி, வெயில்ல வெந்து, ஒவ்வொரு லீவுக்கும் வந்து ஒரு சுவரா எழுப்பின மனிசன் அவர். முதல் லோட் மணல் வந்து இறங்கின அண்டைக்கு நீ அதில இருந்து விளையாடினாய். இது என்ட மகள்ட மணல் எண்டு உன்னை அதுக்கு மேல தூக்கி வெச்சார். கடைசியில அந்த வீட்டில அவருக்கு ஒரு வரிகூட இல்லாமக் கையெழுத்துப் போட்டுட்டு, சந்தோசமாத் தேத்தண்ணி குடிச்சார்.

உன்ட கலியாணத்தண்டு நானும் அவரும் எங்கட கட்டிலைத் தூக்கிக்கிட்டு குசினிக்குப் பின்னால இருக்கிற அறைக்குப் போனம். வாசலால போகாமக் கட்டில் மாட்டிக்கிச்சு, கால் ரெண்டையும் கழட்டி, மறுகா பூட்டி, "புதுப் பொண்ணு மாப்பிள்ளை மாதிரி நாமளும் புது அறைக்கு வந்திட்டம்" எண்டு என்னைக் கேலி பண்ணினார். அந்தக் கட்டிலிலதான் மவுத்தானார். நீ மருமகனோட டோஹாவுக்குப் போன பிறகும் நான் அதே அறையிலதான் படுக்கிறன். முன் வீட்டைக் காலையில கூட்டுறன், ஜன்னலைத் திறந்து காத்து விடுறன், பின்னேரம் சாத்துறன், திறப்பை ஆணியில மாட்டிட்டுப் பின்னால போறன். நீ அங்க படுக்க வேணாம் எண்டு ஒருநாளும் சொல்லல்ல. நானும் படுக்கட்டா எண்டு கேக்கல்ல. உன்ட காக்கா, என்ட மகனும் அப்படித்தான், வந்தா விறாந்தையோட இருந்திட்டு, தங்கச்சிட ஊடு எண்டு எழும்பிப் போறான். அவன் இருக்கிறதும் பொஞ்சாதிட வீடு, அங்கயும் அவனுக்கு வாயில்ல, பாவம்.

நீ கேட்ட கேள்விகளுக்கு வாறன். உன்ட மாமி என்ன சொல்லுவா எண்டாய். என்னவும் சொல்லுவா, சொல்லட்டும். மீன் ஆணத்தில புளி கூடினாலே ஊரெல்லாம் சொல்ற மனிசிதானே. சாமான் காணாமப் போனா எண்டாய். எல்லாத்தையும் அலுமாரியில வெச்சுப் பூட்டி உன்ட சாச்சிட்ட திறப்பைக் குடுத்திடுறன். உன்ட படிக்கிற அறை மட்டும் போதும், அதுக்கு வெளி வாசல் தனியா இருக்கு. நாளைக்குப் போகமாட்டன் எண்டு நிண்டா எண்டாய். நிண்டா நான் அனுப்புறன், அது என்ட பொறுப்பு. கடைசியா ஒண்டை நீ முழுசாச் சொல்லாம விட்டாய். மருமகன் லீவில வாற நேரம் வீட்டில ஒரு அந்நியக் குமர்ப்புள்ளை இருக்கிறது. அது நியாயமான கேள்வி மகள், மார்க்கமும் அதைத்தான் கேக்குது. மருமகன் தங்கமான மனிசன், அது வேற கதை. நீங்க லீவில வந்து நிக்கிற மாசம் அவளைக் கூட்டிக்கிட்டு நான் கமலாக்கா வீட்டில போய் நிப்பன். கேட்டுட்டன், அவ ஓம் எண்டிட்டா. நானும் கூட இருந்தா ஊர் அவளைக் கதைக்காது, என்னைத்தான் கதைக்கும். எனக்குப் பழகிப் போச்சு.

பதினெட்டு வயசில நீ எப்படி இருந்தாய் எண்டு யோசிச்சுப் பாரு. பேராதனைக்குப் படிக்கப் போனாய், சோறு வடிக்கத் தெரியா. அழுக்கு உடுப்பை பேக்கில அடைச்சு பஸ்ஸில கொண்டு வருவாய். நான் தோய்ச்சு, மாசிச் சம்பல் போத்தல் கட்டி அனுப்புவன். காய்ச்சல் எண்டு ஒருநாள் அழுதாய், வாப்பாவும் நானும் கட்டின உடுப்போட பஸ் ஏறி வந்தம். வந்து பாத்தா நீ எழும்பி இருந்து ஐஸ்கிறீம் தின்னுறாய்! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறல்ல. ஆனா நீ அழுத நேரம் அழுறதுக்கு ஒரு நம்பர் இருந்திச்சு. சுமையாவுக்குக் காய்ச்சல் வந்தா அவள் ஆருக்கு எடுக்கிற? போன கிழமை அவளைக் கல்முனைச் சந்தைக்குக் கூட்டிப் போனன், சமைக்கப் பழக்க. உனக்கு விருப்பமான மீனை எடு எண்டன். பாரையைப் பாக்கிறாள், சூரையைப் பாக்கிறாள், மீன்காரன் கத்தியோட நிக்கிறான். கடைசியில என்ட காதுக்குள்ள சொல்றாள்: "எனக்கு எது விருப்பம் எண்டு தெரியல்ல மாமி. சாப்பாட்டுக் கோப்பையில வாறதைத்தான் திண்டிருக்கிறன்." எனக்கு அந்த இடத்திலேயே ஓ எண்டு அழணும் போல வந்திச்சு. மீன்காரன்ட முன்னால அழ வெக்கமா இருந்திச்சு, அவனோட விலைக்குச் சண்டை போட்டன்.

உனக்குப் புத்தி சொல்றதெண்டா ரெண்டே ரெண்டு சொல்றன். வீட்டை எழுதி வாங்கினாய், வாசலும் சேர்ந்துதான் உன்ட கைக்கு வந்திருக்கு. ஆரை விடுறது, ஆரை விடாம நிப்பாட்டுறது எண்டதெல்லாம் இனி நீ பாக்கிற வேலை. வாப்பா இருந்தா ஒரு சொல்லும் கேக்காமத் திறந்திருப்பார். ஆனா நீ வாப்பா இல்ல, உனக்குப் பயம் இருக்கும், அதை நான் பிழை சொல்லமாட்டன். மற்றது, நாளைக்கு உன்ட மகளுக்கு நீ வீடு எழுதுற நேரம், நொத்தாரிசு அந்த ஒரு வரியைக் கேட்டா எழுதச் சொல்லு. வாப்பா சிரிச்சார். நீ சிரிக்காத.

நேற்று அந்தச் சாய்ந்தமருது மனிசிட்ட மறுகாவும் போனன். தனிப் புள்ளை வரல்ல, நானும் அவளோட வந்து இருக்கிறன், அப்ப தருவியா எண்டு கேட்டன். பாதி சாத்தின கதவை முழுசாத் திறந்தாள். அறை ரெண்டையும் காட்டினாள், குழாயைத் திறந்து தண்ணி வருது எண்டு காட்டினாள். எல்லாம் காட்டி முடிச்சிட்டு என்னை மேலும் கீழும் பாத்து, "அந்தப் பெரிய ஊடு உங்கட இல்லியா ராத்தா?" எண்டாள். இல்ல எண்டன். ஒரு பொய்யைச் சொல்லிட்ட மாதிரி அவள்ட முகத்தைப் பாக்காமச் செருப்பை மாட்டிட்டன். ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நிண்ட நேரம்தான் விளங்கிச்சு, நான் சொன்னது பொய்யில்ல. நேற்றில இருந்து மகள் அது இன்னும் கூடி, எனக்கு இருக்கவும் ஏலா, நிக்கவும் ஏலா.

உன்னை மிரட்டுறதுக்கு இதை எழுதல்ல. நீ இல்ல எண்டாலும் நீ என்ட மகள்தான், ஒவ்வொரு தொழுகையிலயும் உன்ட பேர்தான் முதல்ல வரும், கோபம் வெக்கமாட்டன். வீட்டைக் கூட்டித் துடைச்சு, ஜன்னலைச் சாத்தி, திறப்பை உன்ட மாமிட்ட குடுத்திட்டுத்தான் போவன். ஆனா அந்தப் புள்ளைக்குச் சபையில நான் குடுத்த வாக்கு நிக்கணும், அது உன்ட வீட்டிலயோ கடைக்குப் பின்னாலயோ. வெள்ளி ஜும்ஆ முடிய லேண்ட்மாஸ்டர் ட்ராக்டர்காரன் சுமையாட தையல் மெசினையும் பாயையும் ஏத்த வருவான், சொல்லி வெச்சிட்டன். போற வழியில அவன் எங்கட கேற்றடியிலயும் நிப்பாட்டுவான். சாமானை இறக்கச் சொல்றதா, இல்லாட்டி என்ட கட்டில் கால் ரெண்டையும் கழட்டி ஏத்தச் சொல்றதா எண்டதை மட்டும் அதுக்கு முதல் சொல்லு.

உம்மா